ஒரு புள்ளியும் இல்லாத படம்

மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலையில் போட்டோமா இல்லையா என்று யோசித்து நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இதைப் படிக்க நேரம் இருக்காது. உங்களுக்கும் இப்படி ஆகிறதா என்று தெரியவில்லை: நேற்று வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது மறந்துபோகிறது, நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழி மாதம் எவர்சில்வர் டம்ளரில் புளியங்கொட்டை விழுந்த சத்தம் மட்டும் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சுமந்து சுமந்து அலுத்துவிட்டது. எங்காவது இறக்கி வைத்தால் தேவலை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அக்காவுக்குப் பத்தொன்பது. உள்ளூர்க் கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா நெய்வார், இன்னொன்றில் கூலிக்கு ஒருவர். அம்மா தறிக்குப் பாவு நூல் போடுவதும் சமைப்பதுமாக இருப்பாள். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் அக்காதான். அதற்காக அப்பா பெருமைப்பட்டார், பயமும் பட்டார். எது எந்த நாளில் தூக்கலாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

அந்த வருடக் கோடை விடுமுறையில் மதராசில் பத்து நாள் ஒரு முகாம் நடந்தது. தொலைநோக்கி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அக்கா போய்விட்டு, ஆறு அங்குல அகலத்தில் ஒரு தடித்த கண்ணாடி வில்லையும், அதைத் தேய்க்க இன்னொரு வில்லையுமாகத் திரும்பி வந்தாள். அதைப் பாதிதான் தேய்த்திருந்தாள். மீதியை வீட்டில் தேய்த்தாள். அடியில் ஒரு வில்லை, மேலே ஒரு வில்லை, நடுவில் நனைத்த கரகரப்புப் பொடி. முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி, ஒரு சுற்று நகர்ந்து, மறுபடி தள்ள வேண்டும். ஆடி முழுக்க வீட்டில் இரண்டு சத்தம்: கூடத்தில் தறி, பின்கட்டில் கண்ணாடி. அப்பா சாப்பிட உட்காரும்போது, "அந்தப் பல்லைக் கடிக்கிற சத்தத்தக் கொஞ்சம் நிறுத்தும்மா" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் தடுத்ததில்லை.

தகர வேலைக்காரர் குழாய் செய்து கொடுத்தார். தறி ரிப்பேர் செய்யும் ஆசாரி, கழித்துப்போட்ட தறிக் கட்டையை அறுத்து, வடக்கே துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிற மாதிரி ஒரு தாங்கியைச் செய்தார். அதில் நீளமாக ஒரு மரை போல்ட். போல்ட்டைத் திருகத் திருக, வானம் நகர்கிற வேகத்துக்குக் குழாயும் நகரும். குழாய் முதுகில் மாமாவின் பழைய மடக்குக் கேமராவைக் கட்டியிருந்தாள். அம்மாவின் தம்பி பம்பாயில் வாங்கி வந்து, அலுத்துப்போய் எங்கள் பெட்டியில் போட்டுவிட்டுப் போனது. பன்னிரண்டு படம் விழுகிற அகல பிலிம் போடுகிற கேமரா.

அவள் படம் எடுக்க நினைத்தது பக்கத்து வீட்டு வேப்பமரத்தையோ கோபுரத்தையோ அல்ல. ஆண்ட்ரோமெடா என்று ஒரு சுருள் மண்டலம். நம் சூரியனைப் போலக் கோடி கோடியாக நட்சத்திரங்கள் சுருண்டு கிடக்கிற ஊர். "அங்கேந்து கௌம்புன வெளிச்சம் இங்க வந்து சேர இருபது லட்சம் வருசத்துக்கு மேல ஆவுதுடி" என்றாள். எனக்கு ஆசை தாங்கவில்லை. கண்ணை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்த கண்ணாடியில் ஊதிவிட்ட மூச்சு மாதிரி ஒரு திட்டு தெரிந்தது. அவ்வளவுதானா என்று கேட்டேன். கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும், பிலிம் இருபது நிமிஷம் விடாமல் பார்த்தால் அதற்கு மேல் தெரியும் என்றாள்.

அந்த இருபது நிமிஷம்தான் பெரிய வேலை. அக்கா தொலைநோக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டு, ஒரு நட்சத்திரத்தை நடுவிலேயே வைத்திருக்க வேண்டும். நடு எது என்று தெரிய வேண்டுமே. சாயம் ஏறாத பட்டு நூலிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்து எடுத்து, பார்க்கும் கண்ணாடிக்குள் கூட்டல் குறியாக நகப்பாலிஷ் வைத்து ஒட்டினாள். எங்கள் வீட்டில் இழைக்கா பஞ்சம். ஆனால் இருட்டில் இழை தெரியாது. அதற்காக டார்ச் முகப்பில் அரக்குப் பட்டுத் துண்டைக் கட்டி, குழாய் வாயில் அப்பப்போ ஒரு முறை அடித்து அணைப்பாள். சிவப்பு வெளிச்சத்தில் இழை ஒரு நொடி தெரியும், போல்ட்டைத் திருகுவாள், மறுபடி அடிப்பாள். என் வேலை எண்ணுவது. அறுபது எண்ணினால் டம்ளரில் ஒரு புளியங்கொட்டை. இருபது கொட்டை விழுந்ததும் கேமராவை மூட வேண்டும்.

பிலிம் போடாமல் பழகிப் பார்த்த இரவுகளில், தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும், "பனி உழுது, தலையில துணி போட்டுக்கோ" என்பாள். நான் போடமாட்டேன். அவளே துண்டை எடுத்து என் தலையில் கட்டிவிடுவாள்.

இப்போது அமாவாசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலா இருந்தால் அந்தத் திட்டு கரைந்துவிடும், நிலா இல்லாத இரவுதான் வேண்டும். எங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்கோ மாதத்தில் முழு விடுமுறை அமாவாசை. அன்றைக்கு யாரும் தறியில் இறங்கமாட்டார்கள். காலையில் தலைக்குக் குளியல், மத்தியானம் படையல், சாயங்காலம் ஆண்கள் எல்லாரும் தெருமுனையில். வேறு நாளில் தறிக் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு குனிந்தே இருக்கிற அத்தனை பேரும் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்து மேலே பார்ப்பார்கள். அக்காவுக்கு வேண்டிய இருட்டும் தெருவுக்குக் கிடைத்த ஓய்வும் ஒரே நாளில் வந்தன. விதி என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை, பஞ்சாங்கம் அப்படி.

கார்த்திகை அமாவாசை மழையில் போயிற்று. மார்கழி அமாவாசையன்று வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஏழரை மணிக்கு மேலே ஏறினோம். அம்மா கீழே இருந்து, "வயசுப் பொண்ணு அமாவாசையும் அதுவுமா மாடியில இன்னா வேல? தலையாவது முடிஞ்சுக்கினு போ" என்றாள். அக்கா கூந்தலை முடிந்துகொண்டாள். துருவ நட்சத்திரம் கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளித் தாழ நின்றது. கேமராவைத் திறந்தோம். நான் எண்ண ஆரம்பித்தேன்.

எதிர் வரிசையில் நூல் கடைக்காரர் வீட்டு மாடியில், அவர் மகன் அப்பாவுக்குத் தெரியாமல் பீடி பிடிக்க ஏறியிருக்கிறான். அது எங்களுக்குத் தெரியாது. தெருமுனையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது இதுதான்: எங்கள் மாடியில் ஒரு சிவப்பு வெளிச்சம் வந்து வந்து போகிறது, எதிர் மாடியில் இன்னொரு சிவப்பு வெளிச்சம் வந்து வந்து போகிறது. இப்போது யோசித்தால், நானே அந்த முனையில் உட்கார்ந்திருந்தாலும் ஒருவருக்கொருவர் சைகை காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பேன். யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள்.

பதினாறாவது கொட்டையைப் போடும்போது அப்பா படியேறி வந்து நின்றார். எதிர் மாடியில் அவன் பீடியைச் சுண்டிவிட்டுக் கீழே ஓடினான்.

"இன்னா நடக்குது இங்க?" என்றார் அப்பா. கத்தவில்லை. அவர் கத்துகிறவர் அல்ல.

அக்கா கண்ணை எடுக்கவில்லை. "நாலு நிமிஷம் இருப்பா. அசைஞ்சா படம் போயிடும்" என்றாள்.

நான் எண்ணுவதை நிறுத்தினேன். அக்கா, "எண்ணுடி" என்றாள். எண்ணினேன். குரல் கீச்சென்று வந்தது. அப்பா அசையாமல் நின்றார். கொட்டை விழுந்தது. சிவப்பு வெளிச்சம் வந்தது, போனது. நான்கு நிமிஷம் அப்பா தன் மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெருவே கீழே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் அவர் மனதில் தைத்தது என்று இப்போது புரிகிறது. இருபதாவது கொட்டை விழுந்ததும் அக்கா கேமராவை மூடிவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைப் பார்த்து அப்பா இன்னும் தப்பாகப் புரிந்துகொண்டார்.

மறுநாள் அவளைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. வாசலைத் தாண்டக் கூடாது என்றார். அக்கா அழாமல் பேசினாள். "நான் படம் எடுத்தேம்பா. பிலிம் இருக்குது. கழுவிப் பாத்தா தெரிஞ்சுடும்."

அப்பா கொஞ்ச நேரம் பாவு நூலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "படத்துல நீ சொல்றது இருந்தா நீ காலேஜுக்குப் போ. எவன் பேசுனாலும் நான் பாத்துக்கறேன். இல்லன்னா நான் காட்டுற எடத்துல கழுத்த நீட்டு" என்றார். அவர் கணக்கில் அது நியாயமான பேச்சு. அக்காவும் உடனே தலையாட்டினாள். அவ்வளவு நம்பிக்கை.

அவளால் வெளியே போக முடியாதே, பிலிமை எடுத்துக்கொண்டு நான்தான் ஸ்டுடியோவுக்குப் போனேன். அக்கா சொல்லி அனுப்பினாள்: "வானத்த எடுத்த படம், புள்ளி புள்ளியாத்தான் இருக்கும், ஒண்ணும் பண்ணாம அப்படியே போடணும்னு சொல்லு. மறந்துடாத."

மறக்கவில்லை. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். ஆனால் ஸ்டுடியோவில் எங்கள் பக்கத்துத் தெருப் பெண்கள் மூன்று பேர் கல்யாண ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி இன்னொருத்தியை இடித்து, "இவ அக்காதான், சேப்பு லைட்டு" என்றாள். அவர்கள் முன்னால் எனக்கு வானம் என்ற சொல் வாயில் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்டுடியோக்காரர், "இன்னாம்மா, எப்படிப் போடணும்?" என்று கேட்டார். "அப்பா பாக்கணுமாம். ஒரு புள்ளி இல்லாம சுத்தமா போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

அந்த ஸ்டுடியோக்காரர் படம் எடுப்பதைவிட நெகடிவைத் திருத்துவதில் பேர் போனவர். பின்னால் வெளிச்சம் வருகிற சாய்ந்த பலகையில் நெகடிவை வைத்து, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி, ஊசியாகச் சீவிய பென்சிலாலும் பிளேடு முனையாலும் வேலை செய்வார். ஊரில் அம்மைத் தழும்பு உள்ள எத்தனையோ பெண்களுக்குக் கல்யாணப் படத்தில் மட்டும் தழும்பு இருக்காது. என் துரதிர்ஷ்டம், அவர் எங்கள் அப்பாமேல் மரியாதை உள்ளவர்.

மூன்றாம் நாள் கவரைக் கொண்டுவந்தேன். அப்பா பிரித்தார். உள்ளே வழவழவென்று ஒரு கறுப்புப் படம். ஒரு புள்ளி இல்லை.

அக்கா நெகடிவைப் பிடுங்கி விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். நெகடிவில் வெளிச்சம் கறுப்பாக விழும். தெளிவான பிலிமில் கறுப்புப் புள்ளியாக இருந்த ஒவ்வொரு நட்சத்திரத்தையும் அவர் பூஞ்சை என்று நினைத்து, பிளேடால் சுரண்டி எடுத்திருந்தார். "சுரண்டிட்டாருப்பா. இங்கெல்லாம் இருந்துது. இங்க பாருங்க, சுரண்டுன தடம்" என்று அக்கா காட்டினாள்.

அப்பா நியாயம் பார்க்காதவர் அல்ல. என்னைக் கூட்டிக்கொண்டு நேராக ஸ்டுடியோவுக்குப் போனார்.

"எல்லாம் பூஞ்சப்பா" என்றார் ஸ்டுடியோக்காரர். "படம் ஒண்ணும் உழல, இருட்டுல எடுத்துட்டாங்க போல இருக்குது. நடுவுல அரிசியாட்டம் ஒரு கறை வேற. ரெண்டு நாள் கண்ணு போச்சு எனக்கு. சின்னப் பொண்ணுதான் சொல்லுச்சு, நீங்க பாக்கணும், ஒரு புள்ளி இருக்கக் கூடாதுன்னு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "உன்ன யாரு அப்படிச் சொல்லச் சொன்னது?"

பதினொரு வயதுக் குழந்தைதானே என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் எனக்கு அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை. நான் சொன்னதா அக்கா சொன்னதா என்று அவர் கேட்கிறார், எது சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அடிக்குப் பயந்தேன். அவர் என்னை ஒரு நாளும் அடித்தவர் அல்ல, இருந்தும் பயந்தேன்.

"அக்காதான்" என்றேன்.

அப்பா வேறு எதுவும் கேட்கவில்லை. பதினெட்டு முழப் புடவையில் ஒரு இழை தவறியிருந்தால் விரலை ஓட்டியே கண்டுபிடித்துவிடுகிற மனிதர் அவர். அவர் கண்ணுக்குப் பட்டில் தெரிகிற புள்ளி என்றால் பிழை. முப்பது வருஷம் பிலிம் பார்த்த இன்னொரு வேலைக்காரர் அதை அழுக்கு என்றால் அழுக்குதான். திரும்பி வரும்போது என் தலையில் கை வைத்தபடியே நடந்தார். வழியில் பக்கோடா வாங்கிக் கொடுத்தார். நான் அதைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, அதை நினைத்தால்தான் இன்றும் என்மேல் எனக்கு வெறுப்பு வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னார்: "அழுக்க எடுக்கச் சொல்லி நீயே அனுப்பிட்டு, இப்ப அதத்தான் நட்சத்திரம்னு சொல்றியேம்மா."

அக்கா என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. நான் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அழுது உண்மையைக் கக்கியிருப்பேன். அவள், "சரிப்பா" என்றாள்.

வைகாசியில் கல்யாணம். ஆரணியில் மாப்பிள்ளை. நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் கூட நான் அதைச் சொல்லி அழுதிருக்கலாம். படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றது. தகரக் குழாயைக் கிணற்றடியில் தண்ணீர் போக வைத்தார்கள். அக்கா ஆடி முழுக்கத் தேய்த்த கண்ணாடியை அம்மா எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடிக்குள் காய்களை அழுத்தப் பாரமாக வைத்தாள். உப்பில் ஊறி அதன் பளபளப்பெல்லாம் போயிற்று. அம்மாவுக்கு அது ஒரு நல்ல கனமான கண்ணாடி, அவ்வளவுதான்.

பிறகு எவ்வளவோ வருடங்கள். அக்காவும் அத்தானும் எங்கள் ஊரை ஒட்டிய செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்தார்கள். பிரசவம், சாவு, வளைகாப்பு என்று எல்லாவற்றிலும் நானும் அவளும் ஒன்றாக நின்றிருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம். இதைப் பற்றி மட்டும் பேசியதில்லை. அப்பா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அவரிடமும் நான் சொல்லவில்லை.

போன மார்கழியில் அக்காவின் மகள் ஒரு தொலைநோக்கி வாங்கினாள். ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். தெர்மாஸ் பிளாஸ்க் உயரம்தான் இருக்கிறது அது. போனில் பெயரைத் தொட்டால் தானே திரும்பிக்கொள்கிறது, தானே படம் எடுக்கிறது. ஊருக்குள் இப்போது இருட்டு ஏது. அமாவாசையன்று எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு மாகறல் பக்கம் ஒரு வயல் ஓரத்துக்குப் போனாள். எனக்கு முழங்கால் வலி, அக்காவுக்கு அதற்கு முந்தின மாதம்தான் கண் ஆபரேஷன். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். வண்டி எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் எதைக் காட்டப் போகிறாள் என்று.

போனில் திட்டு முதலில் மங்கலாக வந்தது. ஒவ்வொரு நிமிஷமும் இன்னும் கொஞ்சம் தெளிந்தது. பிறகு சுருள் தெரிந்தது, கறுப்புக் கோடுகள் தெரிந்தன. யாரும் எண்ணவில்லை, யாரும் திருகவில்லை. இவ்வளவு சுலபமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்காதீர்கள்.

அக்கா கைப்பையைத் திறந்து ஒரு பழைய வெண்ணெய்த்தாள் கவரை எடுத்தாள். அதை அவள் வைத்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. "இத அதோட ஒத்துப் பாக்க முடியுமாடி? காலேஜுல படிக்கும்போது நான் எடுத்தது, சுரண்டிட்டாங்க." என்று மகளிடம் கொடுத்தாள். அவள் தன் இன்னொரு போனில் வெள்ளைத் திரையைப் போட்டு, அதன்மேல் நெகடிவை வைத்துப் படம் பிடித்தாள். இன்னும் அகலமாக வானம் தெரிகிற படம் ஒன்றைத் தேடி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துத் திருப்பினாள், சுருக்கினாள், மறுபடி திருப்பினாள்.

"அம்மா" என்றாள் மெதுவாக. "சுரண்டுன எடமெல்லாம் நட்சத்திரத்து மேலயே உக்காருதும்மா. நடுவுல இந்தப் பெரிய சுரண்டல்தான் ஆண்ட்ரோமெடா. நீ எடுத்திருக்க."

அக்கா போனை வாங்கி, புதுக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, தூர வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒண்ணக்கூட வுடல பாரு அந்த மனுசன்" என்றாள். "நல்ல வேலக்காரரு."

மகளுக்குத் தாங்கவில்லை. "எவன்மா இத சுரண்டச் சொன்னது?"

"நான்தான்டி சொல்லி அனுப்பினேன்" என்றாள் அக்கா.

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது வருடம் கழித்தும் என் பொய்யை அவளே சொல்லி என்னைக் காப்பாற்றுகிறாள். இந்த முறையும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், அவள் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள்.

"இல்லம்மா, உங்கம்மா சொல்லல. நான் சொன்னது" என்றேன். "தாத்தா கேட்டப்போ அக்கா சொன்னான்னு பொய்யும் சொன்னேன்."

அவள் என்னையும் தன் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். வயலில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அக்கா நெகடிவைக் கவருக்குள் போட்டு, கைப்பையை மூடினாள். எழுந்து, தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து என் தலையில் போட்டு, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள்.

"பனி உழுது" என்றாள்.